வழிநூலும் வழிப்பாட்டும்

நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகைப்படுத்தியது தமிழிலக்கண மரபு. முன்னோர் நூலின் முடிபை ஏற்று, பின்வருவோன் தான் வேண்டும் வேறுபாட்டையும் சேர்த்து, மரபு அழியாமல் செய்வதே வழிநூல் என்று நன்னூல் விளக்குகிறது. அதனை இயற்றிய பவணந்தி முனிவரின் ஊர் பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரம் என்பது கொங்கு நாட்டார் வழிவழியாகப் போற்றிவரும் செய்தி. நூலுக்குச் சொன்ன இவ்விலக்கணம் பாட்டுக்கும் பொருந்துமா? ஒருவர் பாடிப் புகழ்பெற்ற பாட்டை, அல்லது அவர் பாடும் முறையை, மற்றொருவர் எடுத்துக்கொள்ளும்போது அது வழிநூலைப் போன்றதாகுமா, வெறும் நகலாகுமா? இவ்வினாவுக்குக் கோவை நகரின் திரையிசை வரலாற்றிலேயே ஒரு விடை உண்டு.

மேலைநாட்டார் இவ்வாறு மீண்டும் பாடப்படும் பாட்டைக் 'கவர் வெர்ஷன்' என்பர். அவர்தம் ராக் இசை இதனாலேயே வளர்ந்தது. பீட்டில்ஸ் குழுவினர் புகழ்பெறுமுன் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர விடுதிகளில் இரவெல்லாம் பிறர் பாட்டுகளைப் பாடித் தேர்ந்தவர்கள். 1963-இல் வெளிவந்த அவர்களது முதல் நெடுந்தட்டில் இருந்த 14 பாட்டுகளில் 6 பிறருடையவை. பாப் டிலன் 1967-இல் எளிய பக்கவாத்தியங்களுடன் பாடி வெளியிட்ட 'ஆல் அலாங் தி வாட்ச்டவர்' என்னும் பாட்டை, மறு ஆண்டே ஜிமி ஹென்ட்ரிக்ஸ் மின்கிதாரின் பெருமுழக்கத்தோடு பாடினார். பின்னர் டிலனே தம் மேடைகளில் ஹென்ட்ரிக்ஸ் காட்டிய போக்கைத் தழுவிப் பாடலானார். வழிநூலைக் கண்டு முதல்நூலாசிரியரே தம் நூலைத் திருத்திக்கொண்டது போன்ற நிகழ்ச்சி அது.

தமிழருக்கும் இது புதிதன்று. நாடக மேடைப் பாட்டுப் புத்தகங்களில், பாட்டின் தலைப்பில் 'இன்ன பாட்டின் வர்ணமெட்டு' என்று குறித்திருப்பர். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திர மெட்டுகளில் சுப்பிரமணிய பாரதியார் நாட்டுப்பாட்டுகளை அமைத்தார். கேட்போரின் செவியில் பழைய பாட்டு ஒருபுறம் ஒலித்துக்கொண்டிருக்க, புதிய பொருள் அதன்மேல் வந்து அமர்ந்தது. சிதம்பரம் செல்லத் துடித்த நந்தனின் ஏக்கம், விடுதலை வேட்கையின் ஏக்கமாயிற்று. மெட்டை இரவல் வாங்கியதால் பாரதியின் கவிதை குறைபடவில்லை.

கோவைக்கு வருவோம். 1930-களில் திருச்சி சாலையில் எழுந்த சென்ட்ரல் ஸ்டூடியோ, சென்னைக்கு வெளியே தமிழ்த் திரையுலகின் பெரும் களங்களுள் ஒன்றாக விளங்கியது. எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்த 'சிவகவி' (1943), 'ஹரிதாஸ்' (1944) ஆகிய இரண்டும் அங்கே உருவானவை. பின்னதை இயக்கியவர் சுந்தர்ராவ் நட்கர்னி. 1944 தீபாவளிக்கு வெளியான 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. ஆனால் அவ்வாண்டு டிசம்பரிலேயே லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதர் கைதானார். படம் ஓடிக்கொண்டிருந்தது, பாடியவர் சிறையிலிருந்தார். 1947 ஏப்ரலில்தான் அவர் விடுதலை பெற்றார்.

அந்த இடைவெளியில்தான், 1946-இல், மதுரையைச் சேர்ந்த ஓர் இளைஞர் கோவையில் தம் முதல் திரைப்பாட்டைப் பாடினார். அவர் டி.எம். சௌந்தரராஜன். கச்சேரி மேடைகளில் பாகவதரின் பாட்டுகளை அவர் குரலிலேயே பாடுபவர் என்பதுதான் அன்று அவருக்கிருந்த பெயர். வாய்ப்பளித்தவர், 'ஹரிதாஸ்' தந்த அதே நட்கர்னி. படம் ஜுபிடர் நிறுவனத்தின் 'கிருஷ்ண விஜயம்', இசை எஸ்.எம். சுப்பையா நாயுடு. 1950-இல் படம் வெளிவந்தபோது அப்பாட்டு பாகவதரின் சாயலிலேயே ஒலித்தது. சிறை மீண்ட பாகவதருக்கு முன்போன்ற திரை வெற்றி வாய்க்கவில்லை. இந்நிலையில் அவர் குரலை இன்னொரு தொண்டையில் கேட்ட ரசிகர்கள் மகிழ்ந்ததோடு சற்றே வருந்தியும் இருப்பர். மீண்டும் பாடப்படும் பாட்டைச் சுவைப்பதில் இவ்விரு உணர்ச்சிகளும் பிரியாமல் கலந்திருக்கின்றன. நம் காதில் ஒலிப்பது ஒரு குரல். நினைவில் ஒலிப்பது மற்றொன்று.

சௌந்தரராஜன் அங்கேயே நின்றிருந்தால் பாகவதரின் நிழல் என்ற அளவில் மறக்கப்பட்டிருப்பார். 1954-இல் கோவை பட்சிராஜா நிறுவனத்தார் 'மலைக்கள்ளன்' எடுத்தனர். கதை, கொங்கு மண்ணின் கவிஞரான நாமக்கல் இராமலிங்கம் பிள்ளையுடையது, உரையாடல் மு. கருணாநிதியுடையது, இசை அதே சுப்பையா நாயுடு. அதில் எம்.ஜி.ஆருக்காகப் பாடிய குரலில் பாகவதரின் நகலைக் காண முடியாது. சொல்லைச் சிதைக்காத உச்சரிப்பும், மேல் ஸ்தாயியில் தளராத உறுதியும் இருந்தன. அவை பாகவதர் பள்ளியில் பயின்றவையே. ஆனால் தேவகானத்துக்குப் பயன்பட்ட அக்கருவிகள், தெருவில் நின்று அநீதியைக் கேள்வி கேட்பவனின் குரலுக்குப் பயன்பட்டன. பின்னோன் வேண்டும் வேறுபாடு என்று நன்னூலார் சொன்னது இதுவன்றோ? அதே ஆண்டில், பாகவதர் படங்களுக்கு இசையமைத்த ஜி. ராமநாதனின் 'தூக்குத் தூக்கி'யில் சிவாஜி கணேசனுக்கும் பாடி, நடிகருக்கேற்பக் குரலை மாற்றும் திறனை அவர் மெய்ப்பித்தார். வழிநூல் முதல்நூலாயிற்று. பிற்காலத்தில் கோயில் திருவிழா மேடைகளில் மெல்லிசைக் குழுவினர் அவரைப் போலப் பாட முயன்றனர். சௌந்தரராஜனின் குரல்போல் இருக்கிறதா என்பதே பாடுவோரை அளக்கும் கோலாயிற்று.

அக்கோலில் ஓர் ஆபத்தும் உண்டு. 'அச்சு அசலாக இருக்கிறது' என்னும் பாராட்டு, தொடக்கக் கலைஞனுக்கு ஊக்கம். முதிர்ந்த கலைஞனுக்கு விலங்கு. இன்றைய சட்டமும் ஒப்புமையின் பக்கமே சாய்கிறது. 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவு, ஒரு பாட்டு முதலில் பதிவான ஆண்டு முடிந்து ஐந்தாண்டுகள் கழிந்தபின், முன்னறிவிப்பும் உரிமைத்தொகையும் தந்து அதனை மீண்டும் பதிவுசெய்ய இடமளிக்கிறது. ஆயின் உரிமையாளர் இசைவின்றிச் சொல்லிலோ இசையிலோ மாற்றம் செய்தல் கூடாது. பதிவுக்கு இன்றியமையாத மாற்றங்கள் மட்டுமே விலக்கு. படைத்தவரின் உழைப்பைக் காக்க இது தேவையே. எனினும் இலக்கணம் வேண்டும் என்ற வேறுபாட்டைச் சட்டம் வேலியிட்டுத் தடுக்கிறது. அந்த வேலிக்குள்ளும் பாடுபவனுக்கு எஞ்சுவது குரலும் பாவமும்.

பாவலர்க்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. கவியரங்குகளில் இளைஞர் ஒருவர் பாரதிதாசனைப் போலவோ கண்ணதாசனைப் போலவோ பாடினால் 'சாயல் அடிக்கிறது' என்று ஒதுக்கிவிடுவது எளிது. அவர் 1946-இல் நிற்கிறாரா, 1954-ஐ நோக்கி நடக்கிறாரா என்று பொறுத்திருந்து பார்ப்பதே இலக்கிய அமைப்புகளின் கடமை. தொல்காப்பியத்தின் வழியில் நின்றே பவணந்தியார் நன்னூலைச் செய்தார். 'கிருஷ்ண விஜயம்', 'மலைக்கள்ளன்' ஆகிய படங்களின் பாட்டுகளை அடுத்தடுத்துக் கேட்போர், ஒரே நகரில், ஓர் இசையமைப்பாளரின் கைப்பட, எட்டாண்டுகளில் ஒரு குரல் நடந்து கடந்த தொலைவைத் தாமே அறியலாம்.