ஜப்பான் கண்ட தமிழ்

நகரங்கள் அழியும், கண்டவர் எழுதிவைத்தது நிற்கும். மாங்குடி மருதனார் கண்ட நாளங்காடியும் அல்லங்காடியும் இன்றைய மதுரையில் இல்லை, 'மதுரைக்காஞ்சி'யில் உள்ளன. ஜப்பானைப் பற்றித் தமிழர் எழுதிய பயண நூல்களையும் இந்நோக்கில் படிப்பது தகும்.

ஹைக்கூவைத் தமிழுக்கு அறிமுகப்படுத்திய பாரதியார் ஜப்பானுக்குச் சென்றவரல்லர். 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில திங்கள் தமிழாசிரியராக இருந்த அவர், 1916இல் 'சுதேசமித்திர'னில் அக்கவிதையின் சொற்சுருக்கத்தை வியந்து எழுதினார். அவர் ஏட்டில் கண்ட நாட்டை நேரில் கண்டவர் கோட்டையூர் ஏ.கே. செட்டியார். பின்னாளில் காந்தியடிகளைப் பற்றிய ஆவணப்படத்தை உருவாக்கிய அவர், 1930களில் டோக்கியோவில் புகைப்படக் கலை பயின்றார். 'ஜப்பான்' என்னும் நூலும் எழுதினார்.

1923ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சிதைந்த டோக்கியோ அப்போது மீண்டும் எழுந்திருந்தது. அசகுசாப் பகுதியில் சென்சோஜி ஆலயமும், அதன் முன்னே நீளும் நகமிசே கடைவீதியும் இருந்தன. கோயில் வாயிலில் கடைவீதி என்பது மதுரையாருக்குப் புதிதன்று. 1945 மார்ச் 10 அன்று அமெரிக்க விமானங்கள் பொழிந்த தீக்குண்டுகளால் ஓரிரவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் மாண்டனர். 1649 முதல் நின்ற ஆலய மண்டபமும் எரிந்தது. செட்டியார் கண்ட நகரின் பெரும்பகுதி எழுத்திலும் படத்திலுமே எஞ்சியது.

மண்டபம் 1958இல் மீண்டும் எழுந்தது. 1964இல் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே அதிவேக ரயில் ஓடத் தொடங்கியது. இப்புதிய ஜப்பானைத் தி. ஜானகிராமன் 'உதயசூரிய'னில் எழுதினார். 1967இல் அதனை வெளியிட்டதும் 'சுதேசமித்திர'னே. இருவர் நூல்களையும் அடுத்தடுத்துப் படிப்போர், இடையே ஒரு நாடு எரிந்து எழுந்ததை உணர்வர்.

ஹைக்கூவின் வேரும் பயணத்தில் உள்ளது. பாஷோ 1689இல் எடோவிலிருந்து வடக்கு நோக்கிப் புறப்பட்டு ஏறத்தாழ ஐந்து திங்கள் பயணம் செய்தார். அவருடைய புகழ்பெற்ற கவிதைகள் பல அவ்வழியில் பிறந்தவை. தமிழில் 1984 முதல் ஹைக்கூத் தொகுப்புகள் பெருகின. மூன்றடி எழுதுவது எளிது; அதற்குமுன் நடந்து காண்பதே அரிது. கோரிப்பாளையத்திலிருந்து ஆல்பர்ட் விக்டர் பாலத்தைக் கடப்போர் இன்று காணும் வைகையும் கடைத்தெருவும் நாளை இவ்வாறே இரா. அவற்றை எழுதிவைப்பது இவ்வூர்க் கவிஞர் கடன்.