பேசும் கருவிகளின் அறை

உரோமரின் நாட்டுப்புற மாளிகைகளைப் பற்றி எழுதுவோர் சுவரோவியங்களையும் வண்ணக்கல் பதித்த தளங்களையும் நீராடு மண்டபங்களையும் விரித்துரைப்பது வழக்கம். ஆனால் இம்மாளிகைகள் பெரும்பாலும் பெரும் பண்ணைகளின் தலைமையிடங்கள். திராட்சை மதுவும் ஒலிவ எண்ணெயும் சந்தைக்காக உற்பத்தி செய்யப்பட்ட தொழிற்களங்கள். அங்கு உழைத்தவர் யாவர், அவர்கள் எங்கே உறங்கினர் என்னும் வினாக்கள் நெடுங்காலம் பின்தள்ளப்பட்டே இருந்தன.

இவ்வினாக்களுக்கு விடை தரும் சான்று ஒன்று தென் இத்தாலியிலே கிடைத்துள்ளது. பொம்பேயி நகர மதிலுக்கு வடமேற்கே ஏறக்குறைய 700 மீற்றர் தொலைவில், சிவிற்றா ஜூலியானா என்னுமிடத்தில், கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலையின் சாம்பல் மூடிய பண்ணை மாளிகை ஒன்றுண்டு. புதைபொருட் திருடர் சுரங்கம் தோண்டி அதனைச் சூறையாடி வந்தமையால் 2017இல் அங்கு முறையான அகழ்வு தொடங்கிற்று. 2021இல் 16 சதுர மீற்றர் பரப்புள்ள ஓர் அறை வெளிப்பட்டது. மரமும் துணியும் மக்கிப்போயினும், இறுகிய சாம்பலில் அவற்றின் வடிவம் வெற்றிடமாக எஞ்சியிருந்தது. அவ்வெற்றிடத்திற் சாந்து வார்த்து ஆய்வாளர் அவற்றின் உருவை மீட்டனர்.

அறையில் மூன்று கட்டில்கள். இரண்டின் நீளம் 1.70 மீற்றர், மூன்றாவது 1.40 மீற்றர்தான். அது ஒரு பிள்ளையின் கட்டிலாக இருக்கலாம். உயரத்தே ஒரு சிறு சாளரம். மூலைகளில் எட்டுச் சாடிகள். மரப்பெட்டியொன்றில் குதிரைச் சேணத்தின் பகுதிகள். ஒரு கட்டிலின் மீது தேரின் ஏர்க்கால். அருகே குதிரை லாயம். பண்டசாலையே இவர்களின் வீடு.

கி.மு. 37இல் பண்ணைத்தொழில் பற்றி நூல் செய்த வர்ரோ, பண்ணைக் கருவிகளை மூவகையாகப் பிரிக்கும் பாகுபாட்டைக் கூறுகிறார்: பேசும் கருவி அடிமை, பேசாது ஒலியெழுப்பும் கருவி எருது, ஊமைக் கருவி வண்டி. அவருக்கு முற்பட்ட கேட்டோவோ, கிழட்டு எருதையும் பழைய வண்டியையும் விற்பதுபோல முதிர்ந்த அடிமையையும் நோயுற்ற அடிமையையும் விற்றுவிடுமாறு பண்ணையாருக்கு அறிவுரை பகர்ந்தார். ஏட்டில் வகுக்கப்பட்ட அந்த உடைமை நியாயம் இங்கே சுவரும் தரையுமாக நிற்கின்றது. மனிதன், விலங்கு, வண்டி ஆகிய மூன்றும் ஒரே மூலைக்கு ஒதுக்கப்பட்டுள்ளன.

2023இல் இன்னோர் அறை வெளிப்பட்டது. அதில் ஒரு கட்டிலுக்குச் செந்நிற அலங்காரம் தீட்டிய பக்கப்பலகைகள் இருந்தன; மற்றதற்கு மெத்தைதானும் இல்லை. சாடிகளுக்குள் எலிகளின் எச்சங்கள் கிடந்தன. பூட்டோ சங்கிலியோ காணப்படவில்லை. சிலருக்குச் சிறு சலுகையளித்து, அவர்களைக் கொண்டே ஏனையோரை அடக்கியிருக்கலாம் என ஆய்வாளர் கருதுகின்றனர். ஒடுக்கப்பட்டோரைத் தமக்குள்ளேயே பிரித்துவைக்கும் தந்திரம் எத்துணைப் பழமையானது!

இந்த அடக்குமுறைக்குப் பின்னால் உடைமையாளரின் அச்சமும் இருந்தது. இதே கம்பானியப் பிரதேசத்துக் கப்புவா நகரிலிருந்துதான் கி.மு. 73இல் ஸ்பார்ட்டகஸின் கிளர்ச்சி மூண்டது. கி.மு. 71இல் அது நசுக்கப்பட்டபோது, கப்புவாவிலிருந்து உரோம் வரையுள்ள பெருவீதியில் ஆறாயிரம் பேர் சிலுவையில் அறையப்பட்டனர்.

உரோமரின் கலைத்திறனை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆயினும், அந்த ஓவிய மண்டபங்களை ஆக்கித் தந்த உபரிச் செல்வம் இத்தகைய அறைகளில் உறங்கியோரின் உழைப்பிலிருந்தே பிறந்தது. வகுப்பறையில் உரோம நாகரிகத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், மண்டபத்தைக் காட்டிய பின் மாணவரை இவ்வறைக்கும் அழைத்துச் செல்லட்டும். அந்த 1.40 மீற்றர்க் கட்டிலையும் அளந்த பின்னரே உரோமின் பெருமை எவ்வளவென்று கணிக்க முடியும்.