தாய்மொழி மீதா பழி?

“தமிழ்ப் பிள்ளைகளின் நாவுக்கு ஆங்கிலம் ஒத்துவராது” என்ற பேச்சை நாம் அடிக்கடி கேட்கின்றோம். அதில் உண்மை எவ்வளவு?

ஓரளவு உண்மை உண்டு. தமிழ் வாக்கியத்தில் பயனிலை இறுதியில் வரும். ஆங்கிலத்தில் அது செயப்படுபொருளுக்கு முன்னே நிற்கும். நாம் பெயருக்குப் பின் உருபைச் சேர்க்கின்றோம். ஆங்கிலமோ பெயருக்கு முன் தனிச்சொல்லை வைக்கின்றது. ஆகவே மாணவன் தடுமாறுதல் இயல்பே.

ஆனால், மொழியுறவே யாவற்றையும் தீர்மானிக்குமாயின், சிங்கள மாணவனுக்கு ஆங்கிலம் எளிதாயிருத்தல் வேண்டும். சிங்களமும் ஆங்கிலமும் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தன. தமிழ் திராவிடக் குடும்பத்தது. எனினும், தமிழோடு நெடுங்காலம் அயல்வாழ்ந்த சிங்களமும் வினையை இறுதியிலேயே வைக்கின்றது. கிராமத்துச் சிங்கள மாணவனும் நம் மாணவனைப் போலவே இடர்ப்படுகின்றான். பல்கலைக்கழகச் சிங்கள மாணவர் ஆங்கிலத்துக்கு இட்ட பெயர் ‘கடுவ’, அதாவது வாள். அது இலக்கணத்தின் கடுமையைக் குறித்த பெயரன்று. தம்மை வெட்டி ஒதுக்கிய அதிகாரத்தைக் குறித்த பெயர்.

இவ்வதிகாரத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியில் தமிழ் மாணவர் தங்கியிருந்து, ஆங்கிலத்தில் கணிதமும் விஞ்ஞானமும் பயின்றனர், தமிழையும் கற்றனர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் அங்குக் கற்றவர்களே. தாமோதரம்பிள்ளை பின்னர்ப் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். தமிழ் நா அவர்களுக்குத் தடையாகவில்லை.

ஆயினும், அவ்வாய்ப்புப் பெற்றோர் சிலரே. 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களின் பின், ஆங்கிலமே அரசாங்க உத்தியோகத்தின் திறவுகோலாயிற்று. கட்டணம் செலுத்த வல்லவரின் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பாடசாலை. உழவர், மீனவர், தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்குச் சுயமொழிப் பாடசாலை, அல்லது அதுவுமில்லை. 1945இல் இலவசக் கல்வி வந்தது. பாடசாலைக் கதவு திறந்தது. ஆனால், தகுதிவாய்ந்த ஆங்கில ஆசிரியரும் நூல்களும் நகரத்துப் பெரிய கல்லூரிகளைச் சென்றடைந்த அளவுக்குக் கிராமங்களைச் சென்றடையவில்லை.

ஆசிரியராகிய நாம் செய்யவேண்டுவது யாது? தமிழ் இலக்கணத்தைத் தெளிவுறக் கற்பித்து, ஆங்கிலம் எவ்விடத்தில் வேறுபடுகின்றதெனக் காட்டுதல் வேண்டும். அப்போது தாய்மொழியே துணையாகும். அத்துடன், கிராமப் பாடசாலைக்கும் நல்லாசிரியர் வேண்டுமென நாம் ஒன்றுபட்டுக் கேட்டல் வேண்டும். சமூகம் மறுத்த வாய்ப்புக்குப் பிள்ளையின் தாய்மொழியைக் குற்றஞ்சாட்டுதல் அநீதியாகும்.