பாண்டி டு பெங்களூரு: வானத்துல 265 கி.மீ... அப்புறம் ஏன் ஒன்றேகால் மணி நேரம்?

லாஸ்பேட்டை ஏர்போர்ட்டில் இருந்து பெங்களூரு ஏர்போர்ட்டுக்கு நேர்க்கோட்டில் சுமார் 265 கிலோமீட்டர். ரோட்டில் போனால் 310 கி.மீ-க்குப் பக்கம். இந்த ரூட்டில் பறக்கும் ஏடிஆர் விமானம் மணிக்கு 500 கி.மீ வேகத்தில் போகும். கணக்குப்படி 32 நிமிடம். ஆனா டிக்கெட்டில் சுமார் ஒன்றேகால் மணி நேரம் போட்டிருக்கும்.

டிக்கெட்டில் இருப்பது வானத்தில் பறக்கும் நேரம் மட்டுமல்ல. நின்ற இடத்தில் இருந்து விமானம் நகர்வதில் தொடங்கி, அந்தப் பக்கம் போய் நிற்கும்வரை உள்ள மொத்த நேரம். இதற்கு 'பிளாக் டைம்' என்று பெயர். ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்க வரிசையில் காத்திருப்பது எல்லாம் இதில் சேரும். ஹைதராபாத்தையும் பாருங்க. 600 கி.மீ, கணக்குப்படி 72 நிமிடம். டிக்கெட்டிலோ சுமார் ஒன்றே முக்கால் மணி நேரம். இரண்டிலும் கூடுதலாகப் போவது அரை மணிக்கு மேலே. தூரம் குறைந்தாலும் இந்தச் செலவு பெரிதாகக் குறையாது. அதனால் குட்டிப் பயணங்களில்தான் அது உறுத்தும்.

பெரிய ஜெட் விட்டால் சீக்கிரம் போகலாமே என்றால், இங்கே ஓடுபாதை ஏறக்குறைய 1,500 மீட்டர்தான். நீட்டணும்னா தமிழ்நாட்டு எல்லைக்குள் நிலம் வேண்டும். அந்தப் பேச்சு பல வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, பெங்களூருவில் வேலை பார்க்கும் பாண்டி பசங்களுக்கு இது லாபமா? வீட்டில் இருந்து லாஸ்பேட்டைக்கு 20 நிமிடம். காத்திருப்பு ஒன்றரை மணி நேரம். பறக்க ஒன்றேகால். லக்கேஜ் எடுக்க 20 நிமிடம். தேவனஹள்ளியில் இறங்கி எலெக்ட்ரானிக் சிட்டி போக, டிராஃபிக்கைப் பொறுத்து இரண்டு மணி நேரம்கூட ஆகும். கூட்டினால் ஐந்தரை மணி நேரத்தைத் தொடுது! நைட் பஸ்ஸில் ஏழு மணி நேரம். ஆனா திண்டிவனம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியா வரும் பஸ் எலெக்ட்ரானிக் சிட்டி வாசலிலேயே இறக்கிவிடும். வழியில் தூங்கவும் செய்யலாம். ஹெப்பால் பக்கம் ரூம் எடுத்திருப்பவர்களுக்கு மட்டும் ஃபிளைட் உண்மையிலேயே நேரத்தை மிச்சப்படுத்தும்.

ஹைதராபாத் கதை வேற. பஸ்ஸில் ஒரு ராத்திரி முழுக்கப் போய் மறுநாளையும் கொஞ்சம் தின்றுவிடும். அங்கே விமானத்துக்குக் காசு கொடுக்கலாம்.

பாரிஸில் சொந்தக்காரர்கள் இருக்கிறவங்களுக்கு லாஸ்பேட்டையில் நேரடி விமானம் கிடையாது. வழக்கமா சென்னைதான். வானத்தில் 120 கி.மீ, ரோட்டில் மூன்று மணி நேரம். சென்னையில் இருந்து பாரிஸ் சுமார் 8,000 கி.மீ. சர்வதேச விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னாடியே இருக்கச் சொல்வதால், ஃபிளைட் நேரத்துக்கு ஆறு, ஏழு மணி நேரம் முன்பே பாண்டியில் கார் ஏறிவிடணும்.

டிக்கெட் போடும் முன் சேவை ஓடுதான்னு ஒருமுறை பார்த்துக்கோங்க. 2017 ஆகஸ்ட்டில் தொடங்கிய ஸ்பைஸ்ஜெட்டின் ஹைதராபாத் சேவை 2024-ல் நின்றது. அந்த டிசம்பர் 20-ம் தேதி இண்டிகோ வரும்வரை லாஸ்பேட்டையில் மாதக்கணக்கில் பயணிகள் விமானமே இல்லை.