ஒரு படத்தின் பெயர்

சினிமா விமர்சனம் என்றால் நம் பத்திரிகைகளில் நடிப்பு, பாட்டு, போட்டோகிராபி என்று மூன்று கட்டாகக் கட்டி விற்கிற கீரை வியாபாரம். ஒரு படத்தின் தலைப்பே தப்பு என்று வழக்குக் கிளம்பியது என்றால் வேடிக்கையாகத்தான் இருக்கும். 2007-ல் வெளியான 'எக்ஸ் எக்ஸ் ஒய்' என்ற அர்ஜென்டினாப் படத்துக்கு அப்படி நேர்ந்தது.

லூசியா புவென்சோ என்ற பெண்மணி இயக்கிய முதல் முழுநீளப் படம் அது. செர்ஹியோ பிஸ்ஸியோவின் சிறுகதை ஒன்றுதான் மூலம். அலெக்ஸுக்கு வயது பதினைந்து. ஆண் கூறும் பெண் கூறும் கலந்த உடம்போடு பிறந்து, பெண்ணாக வளர்ந்த பிள்ளை. ஊர் வாய்க்குப் பயந்து பெற்றோர் உருகுவே கடற்கரைக்குக் குடிபோய்விடுகிறார்கள். தாய், ரணசிகிச்சை நிபுணர் ஒருவரைக் குடும்பத்தோடு விருந்துக்கு அழைக்கிறாள். அழைப்பின் உள்நோக்கம் வேறு. தகப்பனுக்கோ மனம் ஒப்பவில்லை. பிள்ளையின் உடம்பை நாம் யார் தீர்மானிக்க என்று தத்தளிக்கிறார்.

கான் திரைப்பட விழாவின் விமர்சகர் வாரத்தில் அந்த வருஷம் இதற்குத்தான் பெரும் பரிசு. 2008-ல் ஸ்பெயின் தேசத்துக் கோயா விருதும் வந்தது. அலெக்ஸாக வந்த இனெஸ் எஃப்ரோனையும், தகப்பனாக வந்த ரிக்கார்டோ தாரினையும் தாராளமாகப் புகழ்ந்தார்கள். கடல் ஆமை, மீன் என்று உவமைகள் கொஞ்சம் தூக்கலாகிவிட்டன என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. எனக்கும் அந்த அபிப்பிராயந்தான்.

தலைப்பு விவகாரம் வேறு. எக்ஸ் எக்ஸ் ஒய் என்பது ஒரு குரோமோசோம் கூடுதலாக அமைந்த ஆண்களின் நிலை. பெரும்பாலும் அவர்கள் உடம்பு ஆண் உடம்பே. அலெக்ஸின் உடம்பு அப்படிப்பட்டதல்ல. பெயர் ஒருவருடையது, கதை இன்னொருவருடையது! படம் பார்த்து வந்தவர்கள் அந்த ஆண்களை என்னவென்று நினைப்பார்கள்?

இதைப் பண்டிதச் சண்டை என்று தள்ள நமக்கு யோக்கியதை இல்லை. பேடு என்ற சொல்லுக்கு எந்த வினைமுடிபு பொருந்தும் என்று தொல்காப்பியர் மெனக்கெட்டு யோசித்தார். மாதவி ஆடிய பதினோரு ஆடல்களில் ஒன்று காமனின் பேடியாடல். எங்கள் குருவிநத்தத்தில் இன்றைக்கு அந்தச் சொல்லைக் கேட்க வேண்டுமானால், இரண்டு பேர் வரப்புத் தகராறில் திட்டிக்கொள்ள வேண்டும்! கூவாகத்தில் தாலி கட்டிக்கொள்ளும் திருநங்கையும், பிறவியிலேயே உடல் கலந்து அமைந்த குழந்தையும் நம் பேச்சில் ஒரே மூட்டை.

அந்தப் படம் பரிசு பெறுவதற்கு ஐந்தாறு மாதம் முன்பு, 2006 டிசம்பரில், புதுக்கோட்டைச் சீமைக் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன் தோஹாவில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வாங்கினார். பெண்ணாகப் பிறந்து பெண்ணாக வளர்ந்தவர். பால் பரிசோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பிடுங்கினார்கள். வைத்தியரின் அறைக்குள் இருக்க வேண்டிய சங்கதி பத்திரிகைத் தலைப்பாயிற்று. கடற்கரைக்கு ஓடிப்போன அலெக்ஸுக்காகக் கண் கலங்கிய உலகம்தான் இதுவும்.

கதையில் தகப்பனை வாட்டிய கேள்வி பிற்பாடு மதுரைக்கே வந்தது. தூத்துக்குடியில் ஒரு திருநங்கையின் திருமணத்தைப் பதிய மறுத்த வழக்கு அது. 2019 ஏப்ரல் 22-ல் தீர்ப்புச் சொன்ன நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், திருமணத்தைப் பதியச் சொன்னதோடு நிற்கவில்லை. இத்தகைய உடலோடு பிறக்கும் சிசுக்களுக்கு ஆண், பெண் என்று ஒழுங்குபடுத்தும் ரணசிகிச்சை கூடாது என்றார். மால்டாத் தீவு 2015-லேயே இப்படிச் சட்டம் செய்திருந்தது. தமிழ்நாட்டு அரசு ஆகஸ்டில் உத்தரவு போட்டது: உயிருக்கு ஆபத்தென்றால் ஒழியக் கத்தி வைக்கக் கூடாது.

குருவிநத்தம் புதுச்சேரி எல்லைக்குள் இருக்கிறது. அந்த உத்தரவு தமிழ்நாட்டு எல்லையோடு நின்றது.