சம்பளத்தைக் குறைத்து பிலிமை வாங்கிய தம்பதி: டெசிலு கம்பனியின் கதை

போன கிழமை தரம் 10 வகுப்பில் ஒரு மாணவன் ஒரு வீடியோவைப் பற்றிக் கேட்டான். உங்களில் பலரும் போனில் பார்த்திருப்பீர்கள். கறுப்பு வெள்ளை. சொக்லேட் தொழிற்சாலையில் இரண்டு பெண்கள். பெல்ட்டில் வரும் சொக்லேட்டைச் சுற்றி வைக்க வேண்டும். பெல்ட் வேகமாகிறது. சமாளிக்க முடியாமல் வாய்க்குள்ளும் தொப்பிக்குள்ளும் சட்டைக்குள்ளும் திணிக்கிறார்கள்.

அது 1952 இல் ஒளிபரப்பானது என்றேன்.

"70 வருசத்துக்கு முந்தினது எப்படி சேர் இவ்வளவு கிளியரா இருக்கு? எங்கட உம்மா வாப்பாட கலியாண வீடியோவே மங்கிப் போச்சே!"

வகுப்பே சிரித்தது. எனக்கு அது நல்ல கேள்வியாகப் பட்டது. பதில் சொல்லத் தொடங்கும்போது மணி அடித்துவிட்டது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வீடியோவில் உள்ள பெண்களில் ஒருவர் லூசில் போல். தொடரின் பெயர் 'ஐ லவ் லூசி'. அதைத் தயாரித்தது அவரும் அவருடைய கணவர் டெசி ஆர்னாஸும் சேர்ந்து தொடங்கிய கம்பனி. டெசியின் பெயரில் பாதி, லூசியின் பெயரில் பாதி: டெசிலு.

டெசி கியூபாக்காரர். தகப்பன் சாந்தியாகோ நகரத்தின் மேயர். 1933 புரட்சியில் தகப்பன் சிறைக்குப் போனார், சொத்தெல்லாம் போனது, குடும்பம் அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தது. மேயரின் மகன் மியாமியில் பறவைக் கூடுகளைக் கழுவிப் பிழைத்தார். பிறகு பாட்டு, வாத்தியக் குழு, சினிமா. 1940 இல் ஆர்.கே.ஓ ஸ்டூடியோவில் ஒரு படப்பிடிப்பில் லூசியைச் சந்தித்து அதே வருடம் திருமணமும் முடித்தார். லூசி அப்போது அந்த ஸ்டூடியோவில் சம்பளத்துக்கு நடித்துக்கொண்டிருந்தவர். இந்த ஸ்டூடியோவின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

திருமணமாகி பத்து வருடம் ஆகியும் சேர்ந்திருந்த நாட்கள் குறைவு. டெசி குழுவோடு ஊர் ஊராகப் போவார். லூசி ஹொலிவூட்டில். 1950 அளவில் சி.பி.எஸ் நிறுவனம் லூசியின் வானொலி நகைச்சுவைத் தொடரைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவர விரும்பியது. லூசி ஒரு நிபந்தனை போட்டார்: கணவனாக டெசியே நடிக்க வேண்டும். அவர்களுக்குத் தயக்கம். வெள்ளைக்காரப் பெண்ணுக்குக் கியூபா உச்சரிப்பில் ஆங்கிலம் பேசும் கணவனா, சனம் ஏற்றுக்கொள்ளுமா என்று. ஏற்றுக்கொள்ளும் என்று காட்டுவதற்காகவே இருவரும் மேடை நிகழ்ச்சியோடு ஊர் ஊராகப் போனார்கள். டெசிலு என்ற கம்பனி பிறந்தது அந்தப் பயணத்துக்காகத்தான். கோடீஸ்வரர் ஆகும் திட்டம் எதுவும் அப்போது இல்லை. புருஷனும் பெண்சாதியும் ஒரே வீட்டில் இருக்க ஒரு வழி, அவ்வளவுதான்.

இனி அந்த மாணவனின் கேள்விக்கு வருகிறேன்.

அந்தக் காலத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நியூயோர்க்கிலிருந்து நேரடியாகப் போகும். மற்றப் பகுதிகளுக்கு அனுப்ப, தொலைக்காட்சித் திரையில் ஓடுவதை ஒரு பிலிம் கமராவால் பிடிப்பார்கள். கினஸ்கோப் என்று பெயர். போனில் ஓடும் வீடியோவை இன்னொரு போனால் படம் பிடித்துப் பாருங்கள், அந்த மாதிரித்தான் இருக்கும். விளம்பரம் கொடுத்தது ஒரு சிகரெட் கம்பனி. அவர்களுடைய வாடிக்கையாளர்களில் அதிகமானோர் கிழக்குப் பக்கம். அவர்களுக்கு மங்கல் படம் போவதை அவர்கள் விரும்பவில்லை, நியூயோர்க்குக்கு வரச் சொன்னார்கள். லூசிக்கோ முதல் குழந்தை கிடைக்கவிருந்த நேரம். வீட்டை விட்டுப் போக இருவருக்கும் மனமில்லை.

டெசி சொன்ன வழி: சினிமாவைப் போல 35 மில்லிமீட்டர் பிலிமிலேயே எடுப்போம், எல்லாப் பகுதிக்கும் ஒரே தெளிவு. செலவு கூடும் என்றார்கள். அப்படியென்றால் எங்கள் சம்பளத்தில் வாரத்துக்கு ஆயிரம் டொலரைக் குறையுங்கள், ஆனால் எடுத்த பிலிம் டெசிலுவுக்குச் சொந்தமாக வேண்டும் என்றார் டெசி. சி.பி.எஸ் ஒத்துக்கொண்டது. அன்று ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பானால் அதன் வேலை முடிந்தது, பழைய பத்திரிகை மாதிரி. ஒருமுறை பார்த்ததை யார் திரும்பப் பார்ப்பார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

எடுப்பதும் லேசாக இருக்கவில்லை. லூசிக்கு முன்னால் ஆட்கள் இருந்து சிரித்தால்தான் நடிப்பு வரும். அதனால் சுமார் 300 பேர் உட்காரும் அரங்கு, அவர்களுக்கு முன்னால் நாடகம் போல ஓட்டம், ஒரே நேரத்தில் மூன்று பிலிம் கமரா. மூன்று கமராவுக்கும் பொருந்த வெளிச்சம் போடுவது பெரிய தலையிடி. அதற்காக அழைத்து வந்தவர் கார்ல் ஃப்ராயண்ட். 1927 இல் வந்த 'மெட்ரோபோலிஸ்' என்ற ஜெர்மன் படத்தின் ஒளிப்பதிவாளர்களில் ஒருவர். விளக்குகளை மேலே கட்டி, எந்தக் கோணத்திலும் நிழல் விழாதபடி செய்து கொடுத்தார். பல கமராவில் பிலிம் எடுப்பதை அதற்கு முன்பும் சிலர் முயன்றிருக்கிறார்கள். எல்லாவற்றையும் டெசியே கண்டுபிடித்தார் என்று எழுதுவது சரியில்லை. பார்வையாளர், மூன்று கமரா, சினிமாத் தரம் மூன்றையும் இணைத்து வாராவாரம் ஓடக்கூடிய ஒரு வேலைமுறையாக ஆக்கியதுதான் இவர்களின் சாதனை. பிறகு வந்த எத்தனையோ நகைச்சுவைத் தொடர்கள் இந்த முறையில்தான் எடுக்கப்பட்டன.

முதல் நிகழ்ச்சி 1951 ஒக்டோபர் 15. அடுத்த வருடம் லூசி மீண்டும் கர்ப்பமானார். அதைக் கதையிலும் வைப்போம் என்றார்கள். ஆனால் 'கர்ப்பம்' என்ற சொல்லைத் தொலைக்காட்சியில் சொல்லக் கூடாதாம்! கதை வசனத்தை ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், ஒரு புரட்டஸ்தாந்துப் போதகர், ஒரு யூத மதகுரு மூவரும் பார்த்துச் சம்மதித்த பிறகுதான் எடுத்தார்கள். 1953 ஜனவரி 19 அன்று திரையில் குழந்தை பிறந்தது. அதே நாள் லூசிக்கு நிஜத்திலும் மகன் பிறந்தான். சுமார் 44 மில்லியன் பேர் பார்த்தார்கள். மறுநாள் ஜனாதிபதி ஐசனோவரின் பதவியேற்பைப் பார்த்தவர்களை விட அது அதிகம்.

லூசி ஓய்வில் இருந்த நாட்களில் இடைவெளியை நிரப்ப, பழைய நிகழ்ச்சிகளையே திரும்பப் போட்டார்கள். சனம் மீண்டும் பார்த்தது. ஆயிரம் டொலருக்கு வாங்கிய சரக்கின் பெறுமதி அப்போதுதான் வெளியே தெரிந்தது.

ஆனால் அடுத்து நடந்ததை என்னால் இன்றும் முழுமனதோடு ஏற்க முடியவில்லை. சில வருடங்களுக்குள் அந்த உரிமையை நான்கு மில்லியன் டொலருக்கும் மேல் வாங்கிக்கொண்டு சி.பி.எஸ்ஸுக்கே விற்றார் டெசி. 1957 கடைசியில் ஆறு மில்லியனுக்குச் சற்று மேல் கொடுத்து ஒரு ஸ்டூடியோவை வாங்கினார். எது? அதே ஆர்.கே.ஓ. இருவரும் சம்பளத்துக்கு நடித்த, முதன்முதலில் சந்தித்த இடம்! சந்தோசமான கதைதான். ஆனால் 'ஐ லவ் லூசி' அதன் பிறகு தலைமுறை தலைமுறையாக ஓடி உழைத்த பணம் அவர்களுக்கு வரவில்லை. இடம் இல்லாமல் மற்றத் தொடர்களை எடுத்திருக்க முடியாது என்பதும் உண்மை. டெசியின் கணக்கைப் பிழை என்று சொல்லவும் எனக்குத் துணிவில்லை.

சேர்ந்திருக்கத் தொடங்கிய கம்பனி பெரிதாகப் பெரிதாக வீடு உடைந்தது. வேலைப் பளு, டெசியின் குடி, வேறு பெண்களோடு தொடர்பு. 1960 இல் விவாகரத்து. 1962 இல் டெசியின் பங்கை லூசி வாங்கிக் கம்பனியின் தலைவரானார். ஹொலிவூட்டில் பெரியதொரு தொலைக்காட்சி ஸ்டூடியோவை நடத்திய முதல் பெண் என்று அவரையே சொல்வார்கள். அவருக்குக் கணக்கு வழக்கில் பெரிய விருப்பம் இருக்கவில்லை. ஆனாலும் 'ஸ்டார் ட்ரெக்' என்ற விண்வெளித் தொடர் வந்தபோது, செலவுக்குப் பயந்த பணிப்பாளர் சபையை மீறிச் சம்மதம் கொடுத்தவர் அவர்தான். முதல் மாதிரி நிகழ்ச்சியை என்.பி.சி நிராகரித்தது. இரண்டாவதை ஏற்றுக்கொண்டது. 1966 இல் அதுவும் 'மிஷன் இம்பொசிபிள்' தொடரும் ஒளிபரப்பைத் தொடங்கின. இரண்டுமே அதிகச் செலவு பிடித்தவை, சிறிய கம்பனியால் தாங்க முடியவில்லை.

1967 இல் லூசி கம்பனியை 17 மில்லியன் டொலருக்கு கல்ஃப் அன்ட் வெஸ்டர்ன் என்ற கூட்டுக் கம்பனிக்கு விற்றார். அதற்கு முந்திய வருடம்தான் அவர்கள் பரமவுண்ட்டை வாங்கியிருந்தார்கள். ஆர்.கே.ஓவும் பரமவுண்ட்டும் பக்கத்துப் பக்கத்து வளவுகள். நடுவில் இருந்த சுவரை இடித்து ஒன்றாக்கினார்கள். டெசிலு என்ற பெயர் அதோடு போனது.

ஸ்டார் ட்ரெக் 1969 இல் நிறுத்தப்பட்டது. பிறகு மறு ஒளிபரப்பில்தான் உலகம் முழுக்கப் புகழ் பெற்றது. படங்கள், புதிய தொடர்கள் என்று அது கொண்டுவந்த வருமானம் பரமவுண்ட்டுக்கு. மிஷன் இம்பொசிபிள் 1996 இல் சினிமாவானது. அதையும் பரமவுண்ட்தான் வெளியிட்டது. டொம் குரூஸ் அதில் நடித்ததோடு நிற்கவில்லை. தானும் ஒரு பங்காளியுமாகச் சொந்தக் கம்பனி தொடங்கி, அந்தக் கம்பனியின் முதல் படமாக அதைத் தயாரித்தார்.