காணி உறுதியும் எழுத்து இயந்திரமும்

சட்ட அலுவலகங்களின் எழுத்துப் பணியிற் பெரும்பகுதி புதியன எழுதுவதன்று; முன்னர் எழுதியதனையே பெயரும் திகதியும் மாற்றி மீள எழுதுவதாகும். இலங்கையிற் காணி உறுதியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம், காணிக் கைமாற்றம் எழுத்தில் அமைதல் வேண்டும் என்றும், நொத்தாரிசும் இரு சாட்சிகளும் ஒருங்கே இருக்க ஒப்பமிடப்படல் வேண்டும் என்றும் விதித்தது. நொத்தாரிசின் கடமைகளை 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் வகுத்தது. மூல உறுதி கட்சிக்காரருக்கும், ஏனைய பிரதிகள் நொத்தாரிசின் கோவைக்கும் காணிப் பதிவகத்துக்கும் உரியனவாயின. ஆகவே, ஒரே வாசகத்தைப் பன்முறை எழுதுதல் எழுதுவினைஞரின் நாளாந்தச் சுமையாயிற்று.

இச்சுமையை இயந்திரம் படிப்படியாகக் குறைத்தது. 1874ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரெமிங்டன் நிறுவனத்தின் தட்டெழுத்துப் பொறி விற்பனைக்கு வந்தது. தட்டெழுத்தும் கரித்தாளும் இணைந்தபோது ஒரே தட்டலிற் பல பிரதிகள் கிடைத்தன. 1964இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட பொறி, தட்டிய சொற்களைக் காந்த நாடாவிற் பதித்து வைத்துப் பின் தானே தட்டியது. மாறாத வாசகம் நாடாவிலிருக்க, மாறும் பெயர்களை மட்டும் இடையிற் சேர்க்க முடிந்தது. கணனியோ, ஒருமுறை பதிந்த விபரத்தை உறுதி, கடிதம், விண்ணப்பம் ஆகிய யாவற்றிலும் தானே கொண்டுசேர்க்கின்றது.

இவ்விடத்து ஒன்று நோக்கற்பாலது. கையெழுத்துக் காலத்தில் ஒரு பிரதியில் நேர்ந்த பிழையை மற்றைய பிரதி காட்டிக்கொடுத்தது. பிரதிகள் ஒத்திருத்தல் எழுதியவரின் கவனத்துக்குச் சான்றாயிற்று. கரித்தாளோடு இச்சான்று நலிந்தது. கணனியோடு முற்றாக மறைந்தது. எல்லை விபரத்தில் வடக்குத் தெற்காகிவிடின், எல்லாப் பிரதிகளும் ஒருமித்தே பிழைபடும். வாழ்நாள் உழைப்பினால் ஒரு துண்டுக் காணி வாங்கியவருக்கு இது சிறு பிழையன்று.

இப்பிழையைத் தடுக்கும் வழியையும் பழைய சட்டமே வைத்திருந்தது. வாசிக்கத் தெரியாதவருக்கு நொத்தாரிசே உறுதியை வாசித்து விளக்குதல் வேண்டும் என அது பணித்தது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டமும் காணி விற்பனை, மரணசாதனம், அற்றோணித் தத்துவம் ஆகியவற்றைத் தன் ஏற்பாடுகளினின்றும் விலக்கியே இயற்றப்பட்டது. எழுதும் தொழிலை இயந்திரத்திடம் ஒப்படைத்தலில் இழுக்கில்லை. ஆனால், மிஞ்சிய நேரம் வாசித்து விளக்குதற்குச் செலவிடப்படுமாயின் மட்டுமே அதன் பயன் கட்சிக்காரரைச் சென்றடையும்.